இலையும் சாவியும்: அமெரிக்கக் கடற்படைத் தளவாட அணியின் சீருடைக் குறிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் செம்பவாங்கில், கப்பல்களுக்குக் காய்கறி, உறைந்த இறைச்சி, குடிநீர் எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் முதல் வாரத்திலேயே கேட்பது, “அண்ணே, அங்கே யார் யார்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?” என்பதுதான். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் என்றால் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். இலை, நங்கூரம், கழுகு, சாவி என்று உடம்பெல்லாம் சின்னம். அவர்கள் கேட்டதையும், படிக்கிற பிள்ளைகள் கேட்டதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அமெரிக்கக் கடற்படையின் தளவாட அணி சிங்கப்பூரில் எப்படி வந்தது?

செம்பவாங் தளம் பிரிட்டிஷ்காரர்கள் கட்டியது. பெரிய உலர்துறை 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மலையாளிகளும் தமிழர்களுமாக நம் ஆட்கள் ஏராளமானோர் அங்கே வேலை பார்த்தார்கள். 1971-இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பின. பிறகு 1990 நவம்பரில் சிங்கப்பூரும் அமெரிக்காவும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருடமே பிலிப்பைன்ஸ் செனட், சூபிக் விரிகுடாவில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்கான புது ஒப்பந்தத்தை நிராகரித்துவிட்டது. அங்கே இருந்த மேற்குப் பசிபிக் தளவாடத் தலைமையகம் 1992-இல் செம்பவாங்குக்கு இடம் மாறியது. ஏழாம் கப்பற்படையின் 73-ஆம் பணிப்படை என்பதும் இதே அலுவலகம்தான். கடலில் நிற்கும் போர்க்கப்பல்களுக்கு எண்ணெய், உணவு, உதிரிபாகம், தபால் எல்லாம் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது இவர்கள் பொறுப்பு. 2019-இல் அந்த ஒப்பந்தம் 2035 வரை நீட்டிக்கப்பட்டது.

சப்ளை ஆபீசரை எப்படி அடையாளம் காண்பது?

அவர் காக்கிச் சட்டை போட்டிருந்தால் இடது காலரைப் பாருங்கள். அமெரிக்கக் கடற்படையில் கப்பலை ஓட்டுகிற, போரிடுகிற அதிகாரிகளுக்கு இரண்டு காலரிலும் பதவிக்குறிதான் இருக்கும். சப்ளை, மருத்துவம், கட்டுமானம் போன்ற துறை அதிகாரிகளுக்கு வலது காலரில் பதவிக்குறி, இடது காலரில் துறைச் சின்னம். சப்ளை துறைக்கு, அதாவது சப்ளை கோருக்கு, ஒரு ஓக் மரக் கொத்து: மூன்று இலை, மூன்று கொட்டை.

இதை நான் கற்றுக்கொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2000களின் தொடக்கம். லாரியில் உறைந்த கோழியும் தக்காளியும் வந்திறங்கின. வார்ஃபில் காக்கி போட்ட இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், காலரில் பொன்னிற நங்கூரம், எல்லாரும் அவர் பேச்சைக் கேட்டார்கள். இன்னொருவர் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பெண். நான் நேரே போய் டிஓவை, அதாவது சரக்கு ஒப்படைப்புச் சீட்டை, அந்தப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணைக் கையால் காட்டினார். அந்தப் பெண்ணின் வலது காலரில் ஒற்றைப் பொன் கம்பி. இடது காலரில் கட்டைவிரல் நகத்தளவு அந்த ஓக் கொத்து. கோழிப் பெட்டி ஒன்றைப் பிரிக்கச் சொல்லி வெப்பமானியைச் செருகினார், எண்ணைப் பார்த்தார், தக்காளியில் இரண்டு பெட்டியைக் கழித்துவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போட்டார். அவர் ஒரு என்சைன். அதிகாரிகளில் கடைசிப் படி. ஆனால் அந்தச் சரக்குக்கு அன்று அவர்தான் பொறுப்பு.

நங்கூரக்காரர் ஒரு சீஃப் பெட்டி ஆபீசர் (Chief Petty Officer). சிப்பாய் வரிசையில் மேலே வந்தவர், அனுபவத்தில் அந்தப் பெண்ணுக்கு அப்பா மாதிரி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நடத்திய மரியாதையைப் பார்த்தபோதுதான், இந்தச் சின்னங்களைச் சரியாகப் படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது.

காலரில் இலை இருந்தாலே சப்ளை ஆபீசர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. நிறையப் பேர் இடறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் சிக்கல், ஓக் இலை ஒரு பதவிக்குறியும்கூட. ஒற்றைப் பொன் இலை என்றால் லெப்டினன்ட் கமாண்டர். ஒற்றை வெள்ளி இலை என்றால் கமாண்டர். இவற்றில் கொட்டை இருக்காது, அகலமாக விரிந்த ஒரே இலைதான்.

இரண்டாவது சிக்கல், மற்றத் துறைகளும் ஓக்கையே எடுத்துக்கொண்டிருக்கின்றன. மருத்துவருக்கு ஒரு விரிந்த இலை, அதன் மேல் ஒரு வெள்ளிக் கொட்டை. பல் மருத்துவருக்கு இலையின் காம்போரம் இரண்டு வெள்ளிக் கொட்டை. செவிலியருக்குக் கொட்டையே இல்லாத இலை. மருத்துவ நிர்வாகத்தாருக்குக் குச்சியோடு ஒட்டிய இலை. சீபீஸ் எனப்படும் கட்டுமானப் படையின் பொறியாளருக்கு இரண்டு ஓக் கிளைகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகக் கிடக்கும்.

ஆகவே எண்ணிப் பார்ப்பதுதான் வழி. கொத்தாக மூன்று இலை, மூன்று கொட்டை என்றால் சப்ளை. ஒரு பல் மருத்துவரிடம் போய் முட்டைக்கோஸ் கணக்கைப் பேசிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போக வேண்டிய இடத்தைக் காட்டி அனுப்பினார்.

சடங்கு உடையில் காலருக்குப் பதில் தோள்பட்டையையோ சட்டைக்கையையோ பார்க்க வேண்டும். பொன் பட்டைகளுக்கு மேலே நட்சத்திரம் இருந்தால் கப்பல் ஓட்டும் அதிகாரி. அதே இடத்தில் ஓக் கொத்து இருந்தால் சப்ளை.

பொன் பெரிதா, வெள்ளி பெரிதா?

நம் ஊர்க் கணக்கில் பொன்தான் மேல். அங்கே தலைகீழ். ஒற்றைப் பொன் கம்பி என்சைன், ஒற்றை வெள்ளிக் கம்பி அதற்கு அடுத்த படி, இரட்டை வெள்ளிக் கம்பி லெப்டினன்ட். அப்புறம் பொன் இலை, வெள்ளி இலை, வெள்ளிக் கழுகு. கழுகு வைத்தவர் கேப்டன்.

இந்தக் ‘கேப்டன்’ என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கத் தரைப்படையில் இரட்டை வெள்ளிக் கம்பி வைத்தவரே கேப்டன். கடற்படையில் அதே கம்பி வைத்தவர் லெப்டினன்ட். கடற்படை கேப்டன் என்பவர் தரைப்படைக் கர்னலுக்குச் சமம், மூன்று படி மேலே. கடற்படையும் தரைப்படையும் கலந்து இருக்கும் முகாம்களுக்குச் சரக்குக் கொண்டுபோகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓக் கொத்தைப் ‘போர்க் சாப்’ என்று சொல்கிறார்களே, அவமரியாதையா?

இல்லை. தூரத்தில் இருந்து பார்த்தால் அந்தக் கொத்து எலும்போடு வெட்டிய பன்றிக்கறித் துண்டு மாதிரி இருக்கும். அதனால் வந்த பட்டப்பெயர். நீர்மூழ்கிக் கப்பலில் சப்ளை ஆபீசரைச் சுருக்கமாகச் ‘சாப்’ என்றே கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். ஆனால் வெளியாளான நாம் அப்படிக் கூப்பிட வேண்டாம். வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப்பெயரை வாசலில் நிற்பவர் சொல்வது சரியாக இருக்காது.

பழமை என்று பார்த்தால் இந்தத் துறை தன் பிறந்தநாளாக 1795 பிப்ரவரி 23-ஐக் கொண்டாடுகிறது. டென்ச் பிரான்சிஸ் என்பவர் அரசுக் கொள்முதலுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட நாள் அது. வெகுகாலம் ‘பே கோர்’, அதாவது சம்பளத் துறை என்றுதான் பெயர். 1919-இல்தான் சப்ளை கோர் ஆனது.

சாவிச் சின்னம் யாருக்கு?

அதிகாரி அல்லாத தளவாட வீரர்களுக்கு. நம் வீடுகளில் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறதோ அவர்தான் குடும்பத்தை நடத்துகிறவர். கப்பலிலும் அப்படித்தான். ஸ்டோர் அறைச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரைத்தான் பம்புக்கு வாஷர் தேடுகிற மெக்கானிக் முதல் பிரிண்டருக்கு மை தேடுகிற எழுத்தர் வரை எல்லாரும் தேடி வருவார்கள். பழைய ஸ்டோர்கீப்பர்களின் சின்னம் குறுக்காக வைத்த இரண்டு சாவிகள். 2009 அக்டோபர் 1 அன்று அவர்களையும் தபால் எழுத்தர்களையும் ஒன்றாகச் சேர்த்து ‘லாஜிஸ்டிக்ஸ் ஸ்பெஷலிஸ்ட்’ என்ற ஒரே பிரிவாக்கினார்கள். பேச்சில் ‘எல்எஸ்’. புதுச் சின்னத்தில் சாவிகளோடு தபால் முத்திரையின் வட்டமும் கோடுகளும் சேர்ந்துகொண்டன. இரண்டு தொழிலின் நினைவும் ஒரே துணுக்குத் துணியில் இருக்கிறது. நான் பார்த்த ஒட்டுச் சின்னங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சமையல் பிரிவுக்கும் சாவி உண்டு. விரித்த கணக்குப் புத்தகத்தின் மேல் ஒரு சாவியும் ஒரு இறகுப் பேனாவும் குறுக்காக இருக்கும். சமையலும் கணக்கும் பிரிக்க முடியாதவை என்பது கப்பலில் சாப்பாடு போட்டவர்களுக்குத் தெரியும். உணவு ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சமையல்காரருக்கு ‘ஜாக் ஆஃப் தி டஸ்ட்’ என்று ஒரு பழைய பெயர். டஸ்ட் என்றால் இங்கே மாவுத் தூசி. ரொட்டி மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்ற காலத்துப் பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

அந்தச் சின்னம் உடையில் எங்கே இருக்கும்?

சடங்கு உடையின் இடது கையில், மேற்பகுதியில். மேலே கழுகு, நடுவில் தொழிற்சின்னம், கீழே அம்புமுனை போல் மடிந்த பட்டைகள். ஒரு பட்டை மூன்றாம் நிலைப் பெட்டி ஆபீசர், இரண்டு பட்டை இரண்டாம் நிலை, மூன்று பட்டை முதல் நிலை. பட்டை ஏற ஏறப் படி ஏறும், நிலையின் எண் குறையும். மூன்று பட்டைக்கு மேல் ஒரு வளைவும் இருந்தால் சீஃப். அதோடு ஒரு நட்சத்திரம் இருந்தால் சீனியர் சீஃப், இரண்டு என்றால் மாஸ்டர் சீஃப். கழுகை அவர்களே ‘காகம்’ என்றுதான் சொல்வார்கள். முதல் பதவி உயர்வு கிடைத்தால் ‘காகம் கிடைத்தது’ என்பார்கள்.

1949 வரை கப்பல்தள வேலைக்காரர்களுக்கு வலது கையிலும், ஸ்டோர், இயந்திரம் போன்ற பிரிவினருக்கு இடது கையிலும் தைத்தார்கள். அந்த வருடம் எல்லாருக்கும் இடது கை என்று ஆக்கிவிட்டார்கள். பழைய புகைப்படம் கையில் கிடைத்தால் எந்தக் கை என்று பாருங்கள், படத்தின் காலமே ஓரளவு பிடிபடும்.

சிலருக்குப் பட்டை சிவப்பாகவும் சிலருக்குப் பொன்னிறமாகவும் இருக்கிறதே?

கறுநீலச் சடங்கு உடையில் பட்டை சிவப்புதான். 12 வருடச் சேவை முடிந்தவர்களுக்குப் பொன். முன்கையில் சாய்வாக இருக்கும் கோடுகள் சேவைக் கோடுகள், ஒரு கோடு 4 வருடம்.

வார்ஃபில் பார்த்தால் எல்லாரும் பச்சைப் புள்ளி உடையில் இருக்கிறார்கள். சாவியும் இல்லை, கொத்தும் இல்லை. என்ன செய்வது?

இன்றைக்கு நடைமுறையில் எழும் கேள்வி இதுதான். முன்பு நீலப் புள்ளி வேலைச் சீருடை இருந்தது. 2019 அக்டோபர் முதல் அதற்கு விடை கொடுத்துவிட்டு, காட்டுப் பச்சைப் புள்ளி உடைக்கு முழுதாக மாறிவிட்டார்கள். அதில் மார்பின் நடுவே ஒரு சின்னத் துணிப்பட்டையில் பதவிக்குறி. ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் ‘யு.எஸ். நேவி’. பெட்டி ஆபீசர் என்றால் கழுகும் பட்டைகளும் தெரியும், தொழிற்சின்னம் இருக்காது. அதிகாரி என்றால் கம்பியோ இலையோ தெரியும், துறைக் கொத்து இருக்காது. சமையல்காரரும் எந்திரக்காரரும் எல்எஸ்ஸும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இங்கே ஒற்றை இலையைப் பார்த்து ‘சப்ளை’ என்று நினைத்துவிடாதீர்கள், அது பதவி.

‘யு.எஸ். நேவி’ பட்டைக்கு மேலே இன்னொரு சின்னம் இருந்தால் அது போர்த்திறன் தேர்ச்சிக் குறி. கப்பலின் முன்புறமும் குறுக்கு வாள்களும் என்றால் மேற்பரப்புக் கப்பல் வேலை முழுதும் தெரிந்தவர். வாளும் துப்பாக்கியும் குறுக்காக இருந்தால் கரையிலும் துறைமுகங்களிலும் பணிபுரியும் படைப்பிரிவுகளில் தேர்ந்தவர். சரக்கு ஏற்றி இறக்கும் பட்டாலியன்களில் இந்த இரண்டாவதை அதிகம் பார்க்கலாம். சப்ளை அதிகாரிகளுக்கு இவற்றிலும் தனி வகைகள் உண்டு. நீர்மூழ்கிச் சின்னத்தின் நடுவே ஓக் கொத்து வைத்தது அதில் ஒன்று.

மற்றபடி, வாயைத் திறந்து கேளுங்கள். “சப்ளை யார்?” என்று இரண்டே சொல் போதும். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

குவைத்தில் வேலை பார்த்தபோது தரைப்படை உடையில் ‘யு.எஸ். நேவி’ என்று எழுதியவர்களைப் பார்த்தேன். அது சரியா?

சரிதான், உங்கள் கண் ஏமாறவில்லை. ஈராக் போர்க் காலத்தில் கடற்படைத் தளவாட வீரர்கள் பலர், குறிப்பாக ரிசர்வ் படையினர், குவைத்தில் கரைப்பணி செய்தார்கள். துறைமுகத்தில் சரக்கு இறக்கினார்கள். நாடு திரும்பும் படைகளின் வண்டிகளையும் பெட்டிகளையும் சோதிக்கும் சுங்க வேலையையும் செய்தார்கள். மண்ணும் வெயிலும் தரைப்படையோடு பொதுவானதால் உடையும் தரைப்படை உடையாகவே இருந்தது. மார்புப் பட்டை மட்டும்தான் ‘நேவி’ என்று சொல்லும். நம் ஓட்டுநர்கள் பலர் அவர்களைத் தரைப்படை என்றே நினைத்துக்கொண்டிருந்ததில் வியப்பில்லை.

சென்னைக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளிக்கு வந்த அமெரிக்கக் கப்பலில் சீருடைக்காரர்களையே காணோமே?

2022 ஆகஸ்டில் பழுதுபார்ப்புக்கு வந்த ‘சார்ல்ஸ் ட்ரூ’வைச் சொல்கிறீர்கள். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. அது போர்க்கப்பல் அல்ல, மற்றக் கப்பல்களுக்குச் சாப்பாடும் வெடிபொருளும் உதிரிபாகமும் சுமந்துபோகும் சரக்குக் கப்பல். அந்த வகைக் கப்பல்களை ஓட்டுபவர்கள் ‘மிலிட்டரி சீலிஃப்ட் கமாண்ட்’ என்ற அமைப்பின் சிவிலியன் கடலோடிகள். அரசு ஊழியர்கள், ஆனால் படைவீரர்கள் அல்ல. ஆகவே மேலே சொன்ன காலர்க் கணக்கு அவர்களிடம் செல்லாது. ஆளைப் பார்க்காமல் கப்பலின் புகைபோக்கியைப் பாருங்கள்: நீலமும் பொன்னிறமும் பட்டையாகச் சுற்றியிருந்தால் அது அந்த அமைப்பின் கப்பல்.

ஓக் கொத்தோ சாவியோ வைத்தவர் ஆர்டர் கொடுத்தால் சரக்கு அனுப்பலாமா?

இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். சின்னம் அவர் தொழிலைத்தான் சொல்கிறது. அரசுப் பணத்தைச் செலவிடும் உரிமை சின்னத்தில் இல்லை. அதற்கு எழுத்தில் நியமனம் பெற்ற ஒப்பந்த அதிகாரி இருக்கிறார், அவருக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. அவர் பெரும்பாலும் சட்டை, டை போட்ட சிவிலியனாகக்கூட இருப்பார். கப்பலில் நிற்கும் சப்ளை ஆபீசர் சரக்கைச் சரிபார்த்து வாங்கிக்கொள்ளலாம். “இன்னும் பத்துப் பெட்டி கொண்டுவா” என்று வாயால் சொன்னால், ஆர்டரில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லாரியை எடுக்க வேண்டும். நான் ஒருமுறை நல்லெண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பணத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தேன்.

அன்பளிப்பும் அப்படித்தான். ஒருவரிடமிருந்து ஒரு தடவைக்கு 20 டாலர், வருடத்துக்கு 50 டாலர் மதிப்புக்கு மேல் அவர்கள் பொதுவாக வாங்கக் கூடாது. தீபாவளிக்கு ஒரு பெட்டி இனிப்புக் கொடுத்தால் சிலர் தயங்குவார்கள், வருத்தப்படாதீர்கள். சிங்கப்பூரை மையமாக வைத்துத் தொழில் நடத்திய லியோனார்ட் கிளென் பிரான்சிஸ் என்ற மலேசிய ஒப்பந்தக்காரர் 2013-இல் கைதானார். கடற்படை அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததாக 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2024-இல் 15 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதற்கப்புறம் ஒரு கோப்பைக் காபிக்குக்கூட யோசிப்பவர்கள் உண்டு. நேர்மையாகத் தொழில் செய்த எத்தனையோ சின்னச் சப்ளையர்களும் அந்தச் சந்தேகப் பார்வையைத் தாங்க வேண்டியிருந்தது.

தொழிற்பெயர்களையே ஒருமுறை ரத்து செய்தார்களாமே?

ஆமாம், 2016 செப்டம்பர் கடைசியில். ‘எல்எஸ் முதல் நிலை’ என்று கூப்பிடக் கூடாது, வெறும் ‘பெட்டி ஆபீசர் முதல் நிலை’ என்றே கூப்பிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வீரர்கள் கொதித்துப்போனார்கள். வெள்ளை மாளிகைக்கு அனுப்பிய மனுவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். டிசம்பர் 21 அன்று உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மூன்று மாதம்கூட நிற்கவில்லை. அவர்கள் கோபம் எனக்கு நன்றாகப் புரிந்தது. கொத்தனாரை, தச்சரை, எலெக்ட்ரீஷியனை வரிசையாக நிறுத்தி எல்லாரையும் ‘வேலையாள்’ என்று மட்டும் கூப்பிட்டால் யாருக்குத்தான் மனசு ஒப்பும்?

பிரிட்டிஷ் கடற்படையிலும் இலைதானா?

இல்லை. அங்கே சப்ளை அதிகாரிகளின் பொன் பட்டைகளுக்கு நடுவே வெள்ளைத் துணி வைத்திருந்தார்கள். 1955-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

எப்படிக் கூப்பிடுவது? எல்லாரையும் ‘சார்’ என்று சொன்னால் போதாதா?

அதிகாரிகளை ‘சார்’, ‘மேடம்’ எனலாம். நங்கூரம் வைத்தவரைச் ‘சீஃப்’ என்று கூப்பிடுங்கள், அவர் அதைத்தான் விரும்புவார். அந்தச் சொல்லைச் சம்பாதிக்க அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். பட்டை வைத்தவர்களை ‘பெட்டி ஆபீசர்’ என்று பெயரோடு சேர்த்துச் சொல்லலாம்.

அந்த என்சைனை மறுபடி பார்த்தீர்களா?

பார்த்தேன், பத்து வருடத்துக்கும் மேல் கழித்து, வேறொரு கப்பலில். முகம் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. வலது காலரில் பொன் இலை ஏறியிருந்தது, லெப்டினன்ட் கமாண்டர். இடது காலரில் அதே மூன்று இலை, மூன்று கொட்டை. பக்கத்தில் ஒரு இளம் என்சைன் வெப்பமானியோடு நின்றுகொண்டிருந்தார். நான் டிஓவை அந்த இளைஞரிடம் நீட்டினேன்.